ஓட்ட நாளுக்குப் பூங்கா டிக்கெட் வேண்டாம்

ஜனவரியில் ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் மாரத்தானுக்குத் தம்பதியாகப் போகிறவர்கள், ஓட்ட நாளைக் கழித்துவிட்டு மற்ற நாட்களுக்கு மட்டும் பூங்கா டிக்கெட் வாங்குங்கள். 42.2 கிலோமீட்டர் பாதை டிஸ்னி வேர்ல்டின் 4 கேளிக்கைப் பூங்காக்களுக்குள்ளும் போகிறது. ஓடுபவருக்கு அதற்குத் தனி டிக்கெட் தேவையில்லை. விடியுமுன்னே தொடங்கும் ஓட்டத்துக்குப் பின் அன்று வரிசையில் நிற்கக் கால் எங்கே ஒத்துழைக்கும்? பல நாள் டிக்கெட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை: 4 நாள் டிக்கெட் 7 நாட்கள் வரை செல்லும். ஆகவே நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் நட்டமில்லை.

ஒரு நாள் டிக்கெட்டுக்கு இது பொருந்தாது. அது குறித்த தேதிக்கு மட்டுமே. ஓடாத துணைவர் அன்று தனியே சுற்ற விரும்பினால் அவருக்கு மட்டும் ஒரு நாள் கூட்டி வாங்குங்கள். டிக்கெட்டை ஆள் மாற்ற முடியாது.