பழைய பைக்கில் எல்இடி ஹெட்லைட் துடிக்கிறதா?

பழைய பைக்கில் மாட்டிய எல்இடி ஹெட்லைட் ஐடிலிங்கில் துடித்து, ஆக்சிலரேட்டரை முறுக்கினால் மட்டும் நிலையாக எரிந்தால், பல்பைக் குறை சொல்லுமுன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பும்போது, ஹாரன் ஒலித்தும் ஹெட்லைட் எரியவில்லையென்றால், அது பெரும்பாலும் பேட்டரியில் அல்லாமல் இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ காயிலிலிருந்து நேராக வரும், ஏறி இறங்கும் ஏசி மின்சாரத்தில் ஓடுகிறது. 35 வாட் ஹாலஜன் இழை அந்த ஏற்ற இறக்கத்தைத் தன் சூட்டிலேயே மறைத்துவிடும். எல்இடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏசியை டிசியாக மாற்றும் ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் பொருத்தி (சில பைக்குகளில் காயிலின் எர்த் இணைப்பையும் பிரிக்க வேண்டியிருக்கும்), பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாகத் தனி வயர் இழுப்பதே சரியான தீர்வு. அதன்பிறகும் மினுக்கினால், விளக்கு எரியும்போதே சாக்கெட்டின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலும், பச்சை பூத்த எர்த் முனையைச் சுரண்டி இறுக்க வேண்டும்.