அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது

98 சதவீத அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால், அடர்த்தி குறைந்த தண்ணீர் மேலேயே தங்கி, அங்கு உண்டாகும் கடும் வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கச் செய்யும். ஒரு குவளை அளவே என்றாலும், பாதுகாப்புக் கண்ணாடியும் அமிலம் தாங்கும் கையுறையும் அணியாமல் தொடங்காதீர்கள்.

உடலில் பட்டுவிட்டால், அமிலம் நனைத்த உடையை உடனே களைந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடமாவது கழுவியபடியே மருத்துவ உதவியை அழையுங்கள். தோலில் சோடா மாவைத் தேய்ப்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. அந்த வினையின் வெப்பம் காயத்தை மேலும் ஆழமாக்கக்கூடும்.

நீர்த்த அமிலம் இரும்பை அரிக்கும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியாவதால், அமிலம் இருந்த இரும்புத் தொட்டியை, அது காலியாகவே தோன்றினாலும், கழுவி வாயுச் சோதனை செய்யாமல் வெல்டிங் வேலைக்குக் கொடுக்கக் கூடாது.