பெயிண்ட் அடித்தால் மட்டும் வீடு விற்காது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் ஒரு மாடி டெரஸ் வீட்டை, அதாவது பக்கத்து வீடுகளோடு ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டை, விற்கப் போகிறவர், ஈப்போவில் ஏதாவது ஒரு புதுத் தாமானின் (குடியிருப்பின்) ஷோ ஹவுஸைப் பார்த்துவிட்டு வந்து, ஹாலுக்கு பிளாஸ்டர் சீலிங் போடுவதில் தொடங்குகிறார். பெரும்பாலும் அந்தப் பணம் திரும்பி வருவதில்லை. வாங்க வருகிறவர் யார் என்று முதலில் யோசிக்க வேண்டும். ஷா ஆலாமிலோ ஜொகூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை, தோட்டத்து வீட்டைக் காலி செய்யப்போகும் அம்மா அப்பாவுக்காகத் தேடிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இவர்கள் சீலிங்கை அண்ணாந்து பார்த்தால், ஒழுகிய கறை தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அதனால் ஈரச் சுவர்மேல் புதுப் பெயிண்ட் அடிப்பதைத்தான் ஆகப் பெரிய தவறு என்பேன். கூரை ஓடு நகர்ந்தோ பாத்ரூம் குழாய் கசிந்தோ சுவருக்குள் நீர் இறங்கினால், சிமெண்டிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். நீர் காய்ந்ததும் உப்பு வெள்ளைப் பொடியாகப் பூத்து, பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். போதாக்குறைக்கு, மூன்று சுவர் மங்கலாக இருக்க ஒன்று மட்டும் பளபளத்தால், கோளாறு எங்கே என்று நீங்களே கைகாட்டிவிட்டதாக ஆகும். முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். சுவர் நன்றாகக் காயட்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். உப்பைச் சுரண்டி, சீலர் பூசி, அப்புறம்தான் பெயிண்ட். வெளிச்சுவரின் அடியில் மழை தெறித்துப் படிந்த செம்மண் கறையைத் தேய்த்துக் கழுவினாலே வீட்டு முகப்பு மாறிவிடும். செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, அதை மட்டும் யாரும் செய்வதில்லை.

கதவு நிலையைக் கரையான் அரித்திருந்தாலும் இதே கதைதான். புட்டி வைத்து மூடலாம். ஆனால் கட்டையைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே வருவார். நிலையை மாற்றிவிட்டு, மருந்து அடித்த ரசீதை எடுத்து வையுங்கள்.

டெரஸ் வீட்டுக்கு வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான். நடு அறை எப்போதும் இருட்டு. அதன்மேல் போர்ச்சுக்குக் கூரை நீட்டி, நாகோ கண்ணாடிக்கு (பட்டை பட்டையாகத் திறக்கும் ஜன்னலுக்கு) கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தடித்த திரையும் தொங்கவிட்டால் பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருக்கிறது. ஸ்டிக்கரை உரியுங்கள், கண்ணாடியைக் கழுவுங்கள், திரையைக் கழற்றுங்கள். பல்பு வாங்கும்போது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணைப் பெட்டியில் பாருங்கள். 6500 கிளினிக் மாதிரி வெளிறிப்போகும். ஹாலுக்கும் சமையலறைக்கும் 4000, படுக்கையறைக்கு 3000 போதும். ஒரே அறையில் மஞ்சளும் வெள்ளையும் கலந்து எரிந்தால் விளம்பரப் படத்தில் அசிங்கமாகத் தெரியும்.

20 அடி அகல வீட்டில் எல் வடிவ சோபா, கோப்பைகள் நிறைந்த கண்ணாடி அலமாரி, கல்யாணப் படங்கள் எல்லாம் இருந்தால் ஹால் சுருங்கித்தான் தெரியும். பாதியைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதற்காக மொத்தமாகக் காலி செய்வதும் தப்பு. வெறும் அறையில் கட்டில் போட இடம் இருக்கிறதா என்று பலருக்குக் கணக்குப் போட வராது. ஸ்டோராகிப்போன மூன்றாவது அறையில் ஒரு சிங்கிள் கட்டிலாவது கிடக்கட்டும்.

சாமி மேடை விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். தாமானில் சீனரும் மலாய்க்காரரும் வாங்க வரலாம் என்று மேடையையே இடித்துவிடும் ஏஜெண்டுகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மவர் வாங்கினால் அது அவருக்கு லாபம், மற்றவருக்கு அது ஓர் அலமாரி. விளம்பரப் படத்தில் சாமி படமும் மாலை போட்ட தாத்தா படமும் நடுவில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கவனிக்க வேண்டியது விளக்குக்கு மேலே படிந்த புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். சோப்பு நீரில் கழுவாமல் அதன்மேல் பெயிண்ட் அடித்தால் மஞ்சளாக ஊறி வெளியே வந்துவிடும்.

வாசனைக்காக ஏர் ஃப்ரெஷ்னரை வீடு முழுக்க அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பூட்டிக் கிடந்த வீட்டில் நாற்றம் பெரும்பாலும் பாத்ரூம் தரைக் குழியிலிருந்து வரும். குழிக்குள் தேங்கி நிற்க வேண்டிய நீர் காய்ந்துபோனால் சாக்கடைக் காற்று மேலே ஏறும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. போர்ச்சில் பூந்தொட்டித் தட்டுகளையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கிடைத்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் தீட்டுவார்கள், அது வேறு வம்பு.

அலங்காரத்தால் தீராத ஒன்று, அனுமதியில்லாமல் நீட்டிக் கட்டிய பின்சமையலறை. எவ்வளவு டைல்ஸ் பதித்தாலும் பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அப்போது லோன் குறையும், மீதியை வாங்குகிறவர் ரொக்கமாகப் புரட்ட வேண்டும், பேச்சு அங்கேயே முறியும். ஊர் நகராண்மைக் கழகம் (சுங்கை சிப்புட்டுக்குக் கோலா கங்சார் நகராண்மைக் கழகம்) அங்கீகரித்த பிளான் இருக்கிறதா என்று டைல்ஸ் கடைக்குப் போகும் முன்பே பாருங்கள்.

படத்தைப் போனைக் குறுக்கே பிடித்து, நெஞ்சு உயரத்தில், காலை வெளிச்சத்தில் எடுங்கள். வைட் ஆங்கிளில் அறையை இழுத்துக் காட்டினால், மணிக்கணக்கில் கார் ஓட்டி வந்தவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். ஏஜெண்டு வைத்தால் அவருடைய ஆர்இஎன் எண்ணை, அதாவது வீடு விற்றுத் தருகிறவருக்கான பதிவு எண்ணை, கேளுங்கள். கமிஷன் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

பார்க்க வந்தவர்கள் பின்னாலேயே அறை அறையாக நடக்காதீர்கள். அவர்கள் அலமாரியைத் திறக்கவும், குழாயைத் திருகவும், தங்களுக்குள் விலை பேசிக்கொள்ளவும் தனிமை வேண்டும். நீங்கள் போர்ச்சில் உட்கார்ந்திருங்கள். “மகன் கூப்பிடுகிறான், அவசரமா விற்கிறோம்” என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.