முதல் தக்காளிச் செடிக்கு விதை தேர்ந்தெடுப்பது எப்படி?

முதன்முறையாக வீட்டில் தக்காளி வளர்க்க நினைப்பவர்கள் விதை வாங்கும்போது செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: பாக்கெட்டின் முன்புறத்தில் உள்ள படத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். அந்தப் பழத்தைத் தாங்கும் செடி எவ்வளவு உயரம் வளரும், காய்க்க எத்தனை நாள் ஆகும், எந்த நோயைத் தாங்கும் என்பவை பின்புறத்தில், பொடி எழுத்தில் இருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பதிலிருந்தே தேர்வு தொடங்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது செடியின் வளரும் தன்மை. தக்காளியில் இருவகை உண்டு. ஒன்று, ஏறத்தாழ மூன்று, நான்கு அடி உயரத்தில் நுனியில் பூங்கொத்து விட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சில வாரங்களுக்குள் பெரும்பாலான காய்களைத் தந்துவிடும் குட்டை வகை. விதை பாக்கெட்டுகளில் இது ‘டிடெர்மினேட்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, கொடி போல் ஆறு அடிக்கு மேலும் நீண்டுகொண்டே போய், குளிரோ நோயோ கொல்லும் வரை சிறிது சிறிதாகக் காய்த்துக்கொண்டிருக்கும் ‘இன்டிடெர்மினேட்’ வகை. இரண்டாவது வகைக்கு உறுதியான ஊன்றுகோல், பக்கக்கிளைகளை வாரந்தோறும் கிள்ளிவிடும் பொறுமை, வேர் பரவ நிறைய மண் ஆகிய மூன்றும் வேண்டும். நான் முதல் ஆண்டில் இதை அறியாமல் ஓங்கி வளரும் ரகம் ஒன்றைப் பத்து லிட்டர் வாளியில் நட்டேன். பூ வைப்பதற்குள்ளேயே அது தலைகனத்து, வாளியோடு சாய்ந்து, தண்டு அடியில் முறிந்துபோனது. தொட்டியில் வளர்ப்பவர் குட்டை வகையோடு தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்கும் இருபது லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி இருந்தால் வேருக்கு வசதியாக இருக்கும். சன்னலோரம் மட்டுமே இடம் உள்ளவர்களுக்கு ‘டைனி டிம்’, ‘மைக்ரோ டாம்’ போன்ற மிகக் குள்ளமான ரகங்கள் இருக்கின்றன. பழம் சிறியதுதான், ஆனால் செடியைச் சமாளிப்பது எளிது. எந்த வகையானாலும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்தில் நல்ல காய்ப்பை எதிர்பார்க்க இயலாது.

அடுத்தது பழத்தின் அளவு. பழம் பெரிதாகப் பெரிதாக அது பழுக்க நாளும் கூடும், நடுவில் ஏதேனும் கெட்டுப்போக வாய்ப்பும் கூடும். ‘பிராண்டிவைன்’ போன்ற பெரும்பழ ரகங்களின் சுவையைப் பலர் புகழ்வது நியாயமே எனினும், அவை தாமதமாகவும் குறைவாகவும் காய்ப்பவை. முதல் பருவத்துக்கு உகந்தவை அல்ல. நீள்வடிவப் பழங்களின் நுனி கறுத்து அழுகும் கோளாறு, நீர் ஒருநாள் மிகுந்தும் மறுநாள் வறண்டும் போகும் தொட்டிகளில் அடிக்கடி வரும். செர்ரி தக்காளியில் அது அரிது. கவனக்குறைவை ஓரளவு மன்னிக்கும் வகை அதுவே.

பிறகு வருவது ஹைப்ரிட்டா, நாட்டு ரகமா என்ற கேள்வி; இதில் தேவைக்கு மேல் சண்டை நடக்கிறது. பாக்கெட்டில் ‘எஃப்1’ என்று இருந்தால் அது ஹைப்ரிட், அதாவது இரு வேறு பெற்றோர் வழிகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதை. செடிகள் ஒரே சீராக வளரும்; ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை அடுத்த முறை அதே குணத்தைத் தராது, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகப் பிரிந்துபோகும். ஹைப்ரிட் அல்லாத ரகத்தில், தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், சேமித்த விதை தாய்ச்செடியைப் போலவே வரும். விதை சேமிக்கும் ஆசை இருந்தால் ‘ரோமா’ போன்ற ஒன்றை எடுக்கலாம். காய் கிடைத்தால் போதும் என்பவர் ஹைப்ரிட்டை எடுப்பதில் குற்றமொன்றும் இல்லை.

ரகத்தின் பெயருக்குப் பின் ஒட்டியிருக்கும் ஒற்றை எழுத்துகளைப் பலர் கவனிப்பதே இல்லை. ‘வி’ (V) என்பது வெர்டிசிலியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலையும், ‘எஃப்’ (F) என்பது ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலையும், ‘என்’ (N) என்பது வேர்முடிச்சு நூற்புழுவையும், ‘டி’ (T) என்பது புகையிலை மொசைக் வைரஸையும் தாங்கும் திறனைக் குறிக்கும். 1984இல், புதிய ரகங்களைப் பயிரிட்டுச் சோதிக்கும் ‘ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்’ அமைப்பின் விருது பெற்ற ‘செலிப்ரிட்டி’ என்ற ஹைப்ரிட்டில் இந்த நான்கும் உண்டு. வெள்ளை ஈ மிகுந்த வெப்பப் பகுதிகளில் இவை அனைத்தையும்விட முக்கியமானது, அந்த ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதே. எதிர்ப்பு என்றால் நோயே வராது என்று பொருளல்ல. நூற்புழு எதிர்ப்பு, மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தளர்ந்துவிடுகிறது.

காய்க்கும் காலம் ‘75 நாள்’ என்று அச்சிட்டிருந்தால், பொதுவாக அது நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட்டது. நாற்றங்காலில் கழியும் ஐந்து, ஆறு வாரங்களை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குப்படி பூக்கும் காலம் கடுங்கோடையில் விழுந்தால், பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரும். அப்படிப்பட்ட இடங்களில் குறைந்த நாளில் காய்க்கும் ரகமோ, வெப்பம் தாங்கும் ரகமோ எடுப்பது புத்திசாலித்தனம்.

கடைசியாக, விதை சோதிக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்த தக்காளி விதை நான்கு ஆண்டு வரை கூட முளைக்கும், ஆனால் வெயில் படும் அலமாரியில் தொங்கிய பாக்கெட்டுக்கு அந்த உறுதி இல்லை. ஐயமிருந்தால் பத்து விதைகளை ஈரத்துணியில் இடைவெளி விட்டுப் பரப்பி, மடித்து, மூடிய டப்பாவில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஐந்தாறு நாளில் வெள்ளை வேர்முனை எட்டிப் பார்க்கும். பத்து நாளாகியும் பாதிகூட முளைக்கவில்லையெனில் குழிக்கு மூன்று விதையாக ஊன்றுங்கள், அல்லது புதிய பாக்கெட் வாங்குங்கள். இளஞ்சிவப்போ பச்சையோ நிறம் ஏற்றிய விதை பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டதாக இருக்கலாம். அதைத் தொட்டபின் கையைக் கழுவ வேண்டும், குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது.