கடல்நீர் மீன்தொட்டியில் ஒளிந்திருக்கும் வேட்டையாடியைக் கண்டறிவது எப்படி?

மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போனால், வேட்டையாடியைத் தேடும் முன் நீரில் மீன்களுக்கு நஞ்சாகும் அம்மோனியா, நைட்ரைட் அளவுகளைச் சோதித்து, மூடியில்லாத தொட்டியானால் சுற்றியுள்ள தரையையும் பார்த்துவிட வேண்டும். துள்ளி வெளியே விழுந்த மீனுக்கு எந்தப் புழுவும் பொறுப்பல்ல. செத்த மீனை மொய்க்கும் சிறு முட்புழுக்களையே கொலையாளி என்று முடிவுகட்டுவதும் பெரும்பாலும் தவறு.

உண்மையான வேட்டையாடிகள் பொதுவாக உயிர்ப்பாறையின் (சிற்றுயிர்கள் குடியிருக்கும், தொட்டியில் வைக்கும் கடற்பாறை) துளைகளில் ஒளிந்தே தொட்டிக்குள் நுழைகின்றன. விளக்குகள் அணைந்து ஓரிரு மணி நேரம் கழித்து, சிவப்பு ஒளி டார்ச்சைக் கொண்டு பாறையின் அடிப்பகுதியையும் மணல் விளிம்பையும் பொறுமையாகக் கவனியுங்கள். காம்புகளின் மேல் தனித்தனியே சுழலும் கண்கள் தெரிந்தால் அது மான்டிஸ் இறால். இரவில் கேட்கும் 'டக்' ஒலி மட்டும் அதற்குச் சான்றாகாது. பெரும்பாலும் தீங்கற்ற பிஸ்டல் இறாலும் அவ்வாறே ஒலியெழுப்பும். உடைந்த நத்தை ஓடுகள் துளையருகே சிதறிக் கிடந்தால் மான்டிஸ் இறால் மீதான சந்தேகம் வலுக்கும். வானவில் மினுமினுப்பும் தலையில் ஐந்து உணர்கொம்புகளும் கொண்ட புழு துளையிலிருந்து நீண்டால், அது பாபிட் புழுவோ அதன் உறவினமோ ஆகும். மயிரடர்ந்த உடலும் கருநிற இடுக்கி முனைகளும் கொண்ட நண்டையும் நம்ப வேண்டாம்.

இருப்பிடம் உறுதியானதும், அந்தப் பாறையை மட்டும் கடல்நீர் நிரப்பிய வாளிக்கு மாற்றி, உப்படர்த்தி மிகுந்த நீரைத் துளைக்குள் பீச்சினால் உள்ளிருப்பது வெளியேற வாய்ப்புண்டு. மான்டிஸ் இறால் விரலைக் கிழித்துவிடும் என்பதால் வெறுங்கையை நுழைக்கக் கூடாது. புழுவை இழுத்து அறுத்தால், எஞ்சிய பகுதி மீண்டும் வளரக்கூடும்.