‘ரத்தம் கம்மி’ என்பது பாதிப் பதில்தான்: தீராத அசதிக்குக் காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வருடம் எனக்குத் தீராத அசதி. காலையில் எழும்போதே உடம்பை அடித்துப் போட்டதுபோல இருக்கும். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்றாக வேண்டும். நான்கு முறை ரத்தப் பரிசோதனை செய்தேன். நான்கு முறையும் ‘ரத்தம் கம்மி’ என்றார்கள், இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். குடிக்கிற வரை ஹீமோகுளோபின் 9-லிருந்து 11-க்கு ஏறும். பாட்டில் தீர்ந்து சில மாதத்தில் பழையபடி இறங்கிவிடும். ஏன் இறங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாவதாகப் பார்த்த மருத்துவர்தான், “பீரியட்ஸ் எத்தனை நாள் இருக்கும்மா? ஒரு நாளைக்கு எத்தனை பேடு மாத்துறீங்க?” என்று கேட்டார். 9 நாள், கட்டி கட்டியாகப் போகும். என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்பதால், அது ஒரு கோளாறு என்றே நான் நினைத்ததில்லை. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு ரத்தப்போக்கு, அதனால்தான் எண் இறங்கிக்கொண்டே இருந்தது.

முதல் தவறு இதுதான். ரிப்போர்ட்டில் ஒரு எண் குறைவாக இருந்தால் அதையே காரணமாக எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடுகிறோம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்குக் கீழும் ஆண்களுக்கு 13-க்குக் கீழும் போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு அது இருக்கிறது. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே ‘பொம்பளைங்கன்னா இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆண்களுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்து குறைந்தால் இன்னும் கவனம் வேண்டும். எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்: மூலம், வயிற்றுப்புண், மூட்டு வலிக்காக நாள்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை, சில சமயம் பெருங்குடல் புற்றுநோய். டானிக் குடித்தால் எண் ஏறிவிடும், கசிவு உள்ளேயே இருக்கும். வயல் வேலைக்கு வெறுங்காலோடு போகிறவர்களுக்குக் கொக்கிப்புழுவும் காரணமாக இருக்கலாம்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே அது இறங்கத் தொடங்கும். அந்தக் கட்டத்திலேயே அசதி வரலாம். ஆனால் காய்ச்சலோ உடம்பில் அழற்சியோ இருக்கும்போது எடுத்தால், ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். அப்புறம், இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடுவதும் தவறு. சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதம் ஆகும்.

அடுத்தது டிரிப்ஸ். ‘ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா தெம்பு வந்துடும்’ என்று எங்கள் தெருவிலேயே பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 500 மில்லி குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், அதாவது ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை அளவு. வாந்தி, பேதியில் வாய்வழி எதுவும் தங்காதவருக்கு டிரிப்ஸ் உயிர் காக்கும். மாதக்கணக்கான அசதியில் அது எதையும் தீர்க்காது.

பரிசோதனைக்கு முன்பே சத்து ஊசி போட்டுக்கொள்வதில் வேறொரு சிக்கல் உண்டு. பி12 ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் பி12 பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் வரும். குறைவு இருந்ததா என்பதே தெரியாமல் போய்விடும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவர்கள், வருடக்கணக்கில் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். அவர்கள் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தாங்களாக வாங்கிச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். பி12 குறைவால் வரும் நரம்புச் சேதம் உள்ளே தொடரும். முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில லேப் கருவிகளில் தைராய்டு அளவைத் தவறாகக் காட்டும். சாப்பிடுகிற எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

‘ஃபுல் பாடி செக்கப்’ எடுத்தால் காரணம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. நார்மல் அளவு என்று லேப் அச்சிடுவது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேர் அடங்கும் எல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், நல்ல ஆரோக்கியமான 100 பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒன்று எல்லை தாண்டி வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். தைராய்டில் இது அடிக்கடி நடக்கிறது. டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சற்றே கூடி, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருந்தால், பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே இறங்கிவிடும். ஒருமுறை மறுபடி பார்க்காமல் அதுதான் அசதிக்குக் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கணக்கு வேறு, காத்திருக்கக் கூடாது.

ரத்தத்தில் தெரியாத காரணங்களும் நிறைய. இங்கேதான் நம் சொல்லே நமக்குத் தடையாகிவிடுகிறது. ‘அசதியா இருக்கு’ என்ற ஒரே வார்த்தையில் எத்தனையோ விஷயத்தை அடக்கிவிடுகிறோம். உட்கார்ந்தால் கண் சொருகுகிறதா? இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொல்கிறார்களா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. நடந்தால் மூச்சு வாங்குகிறது, காலில் வீக்கம் என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தால் அது தசை பலவீனம். பிடித்த வேலையில்கூட மனம் ஒட்டவில்லை, விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது என்றால் மனச்சோர்வைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுங்கள். அதற்காக, சரியாகப் பரிசோதிக்காமலே ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி அனுப்பினால் அதையும் ஏற்காதீர்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் சிலருக்கு 6 மாதத்துக்கு மேல் அசதி நீடிக்கும். தூங்கி எழுந்தாலும் தெளிவு இருக்காது. கொஞ்சம் அதிகமாக வேலை செய்தால் உடனேயோ மறுநாளோ படுத்த படுக்கையாகிவிடுவார்கள். இது ‘நாள்பட்ட சோர்வு நோய்’ (ME/CFS) ஆக இருக்கலாம். கோவிட் வந்து போனவர்களில் சிலரிடமும் இதைப் பார்க்கிறோம். இவர்களைப் ‘பிடிவாதமா நடந்தா சரியாகிடும்’ என்று விரட்டுவது கெடுதல். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் தன் வழிகாட்டுதலை மாற்றி, படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. தெம்பு எவ்வளவோ அதற்குள் வேலையை அடக்குவதுதான் இவர்களுக்கு உதவும்.

தானாக எடை குறைவது, மாலையானால் காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டிய இருமல், நெஞ்சுவலி, இரும்பு மாத்திரை சாப்பிடாதபோதும் மலம் கறுப்பாகப் போவது, கழுத்திலோ அக்குளிலோ கட்டி: அசதியோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவரிடம் புதிதாக ஆரம்பித்தேன். ஒவ்வொருவரும் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்தார்கள். ஐந்தாவது மருத்துவர் நான்கு தாள்களையும் தேதிவாரியாக மேஜையில் பரப்பினார். ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கிடந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார்.