டிரம்பெட்டில் உச்ச ஸ்வரத்தை அழகாக முடிக்க

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கோயில் திருவிழாவுக்கு டிரம்பெட் வாசிக்கும் தம்பிகள் உச்ச ஸ்வரத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். முடிக்கும்போதுதான் சட்டென்று வெட்டிவிடுகிறார்கள். ஜாஸ் வாசிப்பவர்கள் விளையாடுவதே அந்த இடத்தில்தான்.

முதலில் ‘ஃபால்’ பழகுங்கள். ஸ்வரத்தைச் சுத்தமாகப் பிடித்து, நிற்க வேண்டிய அளவு நிறுத்துங்கள். அப்புறம் வால்வுகளைப் பாதிவரை அழுத்தி, உதட்டை மெல்லத் தளர்த்தினால் சுருதி வழுக்கிக்கொண்டு கீழே வரும். நாகஸ்வரத்தில் இறக்க ஜாரு கேட்ட காதுக்கு இது புதிதல்ல. மூச்சை மட்டும் நிறுத்தாதீர்கள்; நின்றால் ஃபால் பாதியில் அறுந்துவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசித்தால் தாளத்தின் எந்தத் தட்டில் முடிப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரே இரைச்சல்தான்.

மேல்நோக்கி வழுக்கினால் ‘டாயிட்’. அதற்கும் பாதி வால்வுதான், ஆனால் மூச்சின் வேகம் கூட வேண்டும்.

‘ஷேக்’ கொஞ்சம் கடினம். அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் நீண்ட ஸ்வரங்களின் கடைசியில் இதைத் தாராளமாகப் போடுவார். வால்வை மாற்றாமல், பிடித்த ஸ்வரத்துக்கும் அதே விரலில் அடுத்து மேலே வரும் ஸ்வரத்துக்கும் இடையே உதட்டால் வேகமாக ஆட வேண்டும். சிலர் கருவியையே கையால் ஆட்டுவார்கள். மௌத்பீஸ் உதட்டில் அழுந்தும், ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். நடு ஸ்தாயியில் மெதுவாகத் தொடங்கி, பிறகு மேலே போகலாம்.

நம் கரையில் உப்புக்காற்று வேறு. வால்வு ஒட்டினால் பாதி அழுத்தம் விரலுக்கு அடங்காது. வாசிக்கும் முன் ஒவ்வொரு வால்வுக்கும் சில சொட்டு வால்வ் ஆயில் விடுங்கள்.